மணமேல்குடி யூதர்களும் அண்ணனின் பெட்டியும்

வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் போன வருடம் வண்டி தீப்பிடித்துச் செத்துப்போனான். "அவன் மொகத்த ஒரு தடவ காட்டிருடா" என்பதைத் தவிர அம்மா என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. உடலை அனுப்பச் சொல்லி நான் கெஞ்சாத ஆபீஸ் இல்லை.

விபத்துக்கு முந்தைய வாரம்வரை நான் ஒரு துப்பறியும் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உலகப்போரில் தப்பிய யூதர்களின் கப்பல்கள் மணமேல்குடியில் கரையொதுங்கி, அங்கே அவர்களுக்கென்று ஓர் ஊரே உருவாகியிருந்தால்? அந்த ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் சாகிறார். "எடுக்கப் போறோம், மொகம் பாக்காதவங்க பாத்துக்கங்க" என்று ஒருவர் குரல் கொடுத்துத் துணியை விலக்க, உதடு நீலம் பாரித்திருப்பதை இன்ஸ்பெக்டர் பார்த்துவிடுகிறார். விஷம்! அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "ஒன் யூதருங்க கறம்பக்குடி சந்தைக்காரங்க மாதிரியே பேசுறாங்கடா" என்று சிரித்தான்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த பேராசிரியர் நண்பர் சிரிக்கவில்லை. "அவங்க வழக்கத்துல மொகத்தத் தொறந்து காட்ட மாட்டாங்க. மூடி, சீக்கிரமா அடக்கம் பண்ணிருவாங்க" என்றார். நம் ஊர் வழக்கத்தைத் தூக்கி அவர்கள் தலையில் கட்டியிருக்கிறேன். துப்பு மொத்தமும் பணால். ஆனாலும் விடவில்லை. "கடைசியா மொகம் பாக்காம எப்படிங்க அனுப்புவாங்க?" என்று அவரோடு சண்டையே போட்டேன்.

ஒருவழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குப் பெட்டி வந்தது. "தொறந்துராதீங்க, பாக்குற மாதிரி இல்ல" என்றார் கூடவே வந்த, அண்ணனோடு வேலை பார்த்தவர். ஆம்புலன்ஸில் வரும்போது, நான் உண்டாக்கிய அந்த ஜனங்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களில் எந்தத் தாயும் என் அம்மா கேட்டதைக் கேட்க மாட்டாள்.

வீட்டில் இறக்கியதும் அம்மா பெட்டியின் மூடியைப் பிடித்து இழுத்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தும் விடவில்லை. "வேணாம்மா, வேணாம்மா" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய எழுத்தாளன்!

அழுது ஓய்ந்த பிறகு, வாய்க்கரிசி போட அம்மாவைக் கூப்பிட்டார்கள். கையில் அரிசியை அள்ளிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தாள். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன.

"தல எந்தப் பக்கம்டா இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.