பின்பக்கம் இல்லாத பஸ்

மாடல் வண்டி கட்டுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் பல வருஷங்களாக இருக்கிறேன். நான் எதையும் கட்டியதில்லை. அங்கே ஒரு வார்த்தை எழுதியதும் இல்லை. அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்பும்: எந்த வண்டியைப் பெரிய அளவில் கிட்டாக, நாமே ஒட்டிக் கட்டும் பாகங்களாக, போட்டால் நன்றாயிருக்கும் என்று. ஆளாளுக்கு ஆசையைச் சொல்வார்கள். ஒருவருக்குத் தன் தாத்தா ஓட்டிய டிராக்டர் வேண்டும். ஒருவருக்கு ஏதோ பாலைவன யுத்தத்து லாரி. இன்னொருவர் குப்பை வண்டி கேட்டுச் சிரிப்புக்கு ஆளாவார். நான் கடைசி வரை படிப்பேன். அத்தை கேட்ட வண்டியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அவளுக்கு முப்பத்து நாலு. செம்பூரில் மூன்றாவது மாடியில் எங்களோடுதான் இருந்தாள். ஐரோலியில் ஒரு கம்பெனியில் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் படம் வரைகிற வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடும். எங்கள் ஷோகேஸில் மற்ற வீடுகளைப் போலத் தஞ்சாவூர் பொம்மையும் சங்கும் இருந்தன; அவற்றுக்கு நடுவே அத்தை கட்டிய ஒரு ஜெர்மன் லாரியும் அமெரிக்கப் பால் வண்டியும் நின்றன. இரண்டும் துபாயிலிருந்து தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த கிட்டுகள். நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. முழங்கை நீளம் இருக்கும். கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள். யாருடையது என்று தெரிந்ததும் பேச்சை மாற்றுவார்கள்.

"இந்தக் கம்பெனிக்காரா ஊர்ல இருக்கற எல்லா லாரியும் பண்றா. நம்ம ஊர் பஸ் ஒண்ணு பண்ண மாட்டேங்கறா" என்று அத்தை குறைப்பட்டுக்கொள்வாள். குறைப்படுவதோடு நிற்கவில்லை. கிட் போடும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினாள். சிவப்பு டபுள் டெக்கர் போடுங்கள், கறுப்பு மஞ்சள் டாக்ஸி போடுங்கள், அணுசக்தி நகர்ப் பக்கம் போகிற ஸ்டாஃப் பஸ் போடுங்கள் என்று கேட்டு, கூடவே அளவாக ஒரு படமும் வரைந்து அனுப்புவாள். ஒரே ஒரு கம்பெனி பதில் போட்டது. யோசனைக்கு நன்றி, இந்த வண்டிகளை வாங்க ஆள் இருக்கும் என்று தோன்றவில்லை என்று எழுதி, ஒரு விலைப்பட்டியலையும் இணைத்திருந்தார்கள். அத்தை அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "சரி, நாமளே பண்ணிடுவோம்" என்றாள்.

டபுள் டெக்கரை விட்டுவிட்டு ஸ்டாஃப் பஸ்ஸை ஏன் எடுத்தாள் என்று அன்று நான் கேட்கவில்லை. அது எங்கள் தெருமுனை ஸ்டாப்பில் தினமும் நிற்கிற பஸ். ஏழே முக்காலுக்கு வரும். அடுத்த ஐந்து நிமிஷத்தில் என் ஸ்கூல் பஸ். சனிக்கிழமை அத்தைக்கு லீவு. எனக்கு அரை நாள் பள்ளி உண்டு. அன்று மட்டும் அத்தை என்னை ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அப்படி ஒரு சனிக்கிழமை, பஸ் வந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அத்தை கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் பின் சக்கரத்துக்கு மேலே வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏ மேடம், க்யா கர் ரஹே ஹோ?" என்று, என்ன செய்கிறாய் என்று கேட்டு, ஹிந்தியில் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாயிருந்தது. அப்போது வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் அருகே வந்தார். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இருந்தார்.

"என்னத்த அளக்குதிய?" என்று கேட்டார்.

அது தமிழ்தான், ஆனால் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. தாராவியிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு இட்லி கொண்டு வருகிறவர் அப்படித்தான் பேசுவார். அத்தை முகம் சிவந்து, விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டவர்கள் எல்லாருமே அதுவரை சிரித்திருந்தார்கள். "இங்க நிக்கிறது ஒரு நிமிசம். இதுக்குள்ள என்னத்த அளப்பிய? உங்களுக்கு என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க. நான் அளந்து தாரேன்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரநாட்களில் அத்தை அந்த நேரத்துக்கு ஐரோலி போய்க்கொண்டிருப்பாள் என்பதால் சீட்டு கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது. அத்தை எழுதிய சீட்டை நான் அவரிடம் கொடுப்பேன். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு சீட்டு தருவார். "அத்தை கையிலயே குடுக்கணும், என்னா?" என்பார். அவர் அணுசக்தி நகரில் டெக்னீஷியன் என்று சொன்னார். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார்.

சாயங்காலம் அத்தையும் நானும் கணக்குப் போடுவோம். ஜன்னல் முப்பத்தாறு அங்குலம், வகு இருபத்து நாலு, ஒன்றரை. வகுத்தலை நான் கற்றுக்கொண்டது அந்த பஸ்ஸில்தான். அத்தை பிளாஸ்டிக் தகட்டை பிளேடால் கீறி, மடக்கி, பட்டென்று உடைப்பாள். ஸ்வீட் டப்பா மூடியிலிருந்து ஜன்னல் கண்ணாடி. சீட்டுகள் வர வர பஸ் வளர்ந்தது. தரை, இரண்டு பக்கச் சுவர், இருக்கைகள், முகப்பு. கேட்காத அளவுகளையும் அவர் எழுத ஆரம்பித்தார். மேலே பிடித்துக்கொள்ளும் கம்பியின் கனம், மூன்றாவது இருக்கையின் பின்னால் ஒரு கீறல், அதன் நீளம். அத்தை அந்தக் கீறலையும் ஊசியால் போட்டாள். போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். அந்த மாதங்களில் அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு ஆபீஸ் போனாள் என்று ஞாபகம். அம்மா அதைக் கவனித்தாள். நான் பஸ்ஸைத்தான் கவனித்தேன்.

பின்பக்கம் மட்டும் பாக்கி. அது வளைந்த பின்பக்கம். கூரைக்கு ஏற ஓர் ஏணியும் உண்டு. அதற்கான அளவுகளை அத்தை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை அவர் கொடுத்த சீட்டு, சீட்டாகவே இல்லை. நோட்டுத் தாள், நாலாக மடித்தது. "இன்னைக்கே குடுத்துரு பாப்பா" என்றார். குரல் எப்போதும் போல இல்லை. ஸ்கூல் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அதில் எண்களே இல்லை. முழுக்கத் தமிழ். எங்கள் பள்ளியில் இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும் உண்டு. தமிழில் எனக்கு என் பேர் மட்டும் எழுதத் தெரியும். பதினைந்து வரி இருக்கலாம். நடுவில் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே வேறு எழுதியிருந்தது. எண்ணே இல்லாமல் பின்பக்கத்தை எப்படிக் கட்டுவது என்று எனக்குக் கவலை வந்தது.

அன்று அப்பா லீவு. அத்தை வர ஏழு மணியாகும். எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இதுல பஸ்ஸோட அளவு எங்க இருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று நீட்டினேன். படித்துக் காட்டியதும் திரும்ப வாங்கி அத்தை கையிலேயே கொடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அதே மடிப்புகளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அளவுதான். ஏணி எப்படி இருக்குன்னு விவரமா எழுதியிருக்கார். நானே குடுத்துக்கறேன். நீ போய்ப் படி" என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதனால் அதோடு மறந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அத்தை செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாவது குடுத்தாரா?" என்று கேட்டாள். அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பாகிட்ட இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "குழந்தைக்கு நாளைக்குப் பரீட்சை, தொந்தரவு பண்ணாதே" என்றார். பரீட்சை இருந்தது வாஸ்தவம்தான். புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் ஸ்டாப்பில் அவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"குடுத்தியா பாப்பா?"

"குடுத்தாச்சு."

"அத்தை என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலை."

நான் சொன்னதில் எனக்குத் தெரிந்து பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. அத்தை புடவை மாற்றிக்கொண்டு, என் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் விட்டுட்டு வரேன். நீ ரெஸ்ட் எடு" என்றார். அத்தை பாட்டிலோடு வாசலில் அப்படியே நின்றாள். அப்பா என்னை ஸ்டாப்புக்கு அழைத்துப் போவது அபூர்வம்; எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். அப்பா கையை ஆட்டாமல், மெதுவாகத்தான் பேசினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பாவுக்கும் பஸ் கட்டுவதில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பாவை நான் கெட்டவராக நினைக்கவில்லை, இன்று கூட. தாய் தகப்பன் இல்லாத தங்கை. ஊர் என்ன சொல்லும், சொந்தம் என்ன சொல்லும் என்று பயந்துகொண்டே வாழ்ந்த மனுஷர். அதற்குப் பிறகு சில மாதங்களில், துபாயிலிருந்து வருகிற தெரிந்தவரிடம் தானே சொல்லி, அத்தைக்கு ஒரு பெரிய தீயணைப்பு வண்டிக் கிட் வரவழைத்தார். அதுவரை அந்த வண்டிகளை அவர் நிமிர்ந்து பார்த்தது கூட இல்லை. அத்தை "தாங்க்ஸ் அண்ணா" என்று வாங்கிப் பரண்மேல் வைத்தாள். அந்தப் பெட்டியை அவள் பிரிக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒரு பேங்க் அதிகாரிக்கு அவளைக் கொடுத்தார்கள். நாக்பூர் போனாள். நல்ல மனிதர்தான். பின்பக்கம் இல்லாத பஸ் ஓர் அட்டைப் பெட்டியில் அவளோடு போயிற்று. உத்தேசமாக ஒரு பின்பக்கம் வைத்துவிடலாமே என்று நான் ஒரு முறை கேட்டேன். "அளவு தெரியாம எப்படிடி வைக்கறது?" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். காரியங்களெல்லாம் முடிந்த அன்று மத்தியானம், அத்தையும் நானும் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஏதேதோ பேச்சு, பழைய ஸ்டாப்பைப் பற்றி வந்தது. அத்தை ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "எத்தனை சீட்டுடி எழுதினார் அந்த மனுஷன். ஆணி முதற்கொண்டு அளந்து எழுதினார். அதுக்கு மேல ஒரு வரி எழுதணும்னு தோணலை பாரு அவருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தத் தாள் அவள் கைக்குப் போகவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹாலில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அம்மா அதன் கீழே படுத்திருந்தாள். "பதினைந்து வரி எழுதினார், அத்தை; ஒரு வரியை அடித்துக்கூட எழுதினார்" என்று சொல்ல வேண்டும். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வேன்? அன்று எனக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லையே. அடுத்த டம்ளரை எடுத்து அவளிடம் கொடுத்தேன். இன்று வரை சொல்லவில்லை.

அப்பா ஸ்டாப்புக்கு வந்த அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்தது.  அன்று காலை பஸ் வந்ததும் அவர் ஒரு தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

"நாளையிலருந்து இந்த பஸ்ல வரமாட்டேன் பாப்பா. வேற ஊருக்கு மாத்திட்டாவ. இத அத்தைட்ட குடு. கலருக்கு."

பஸ்ஸில் ஏறி, மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தார். நான் கையாட்டினேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அத்தை வந்ததும் தீப்பெட்டியை அவள் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே திறந்தாள். உள்ளே, பஞ்சின்மேல், நகத்தளவுக்கு ஒரு பெயின்ட் செதில் இருந்தது. பஸ்ஸின் இடுப்பில் ஓடுகிற பட்டையின் நீலம்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"கலருக்குன்னார். நாளையிலேர்ந்து வரமாட்டாராம். வேற ஊருக்கு மாத்திட்டாளாம்."

"எந்த ஊருக்கு?"

"கேக்கலை அத்தை."

"வேற ஒண்ணுமே சொல்லலையா? நன்னா யோசிச்சுச் சொல்லு."

நன்றாக யோசித்தேன். "ஒண்ணுமே சொல்லலை" என்றேன்.

அத்தை செதிலை விரல்நுனியில் ஒட்டி எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அப்புறம் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நீலம் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது போலிருக்கிறது, அதுதான் அத்தைக்குக் கஷ்டம் என்று எனக்குப் பட்டது.

"ரெண்டு கலரைக் கலந்து பாரு அத்தை, வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கீழே விளையாடப் போனேன்.