கடைசிச் சீட்டில் வந்த ஒன்பது

துடியலூர்ப் பக்கம் ஸ்கூட்டர் பழக நினைக்கும் பெண்கள் பொற்கொடியைத்தான் தேடிவருவார்கள். கை நடுங்குகிறது என்று அழுதவர்களையும், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று பின்வாங்கியவர்களையும் மைதானத்தில் சுற்றவிட்டு, பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே ஓட்டவைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வகுப்பு கிடையாது. அன்றைக்கு அவள் கணபதிக்குப் போய்விடுவாள். அங்கே தனபாலுடைய மோட்டார் பட்டறைக்கு மேலே ஓர் அறை. தனபால் தோட்டத்தைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு பம்புசெட் தொழிலுக்கு வந்தவர். அவரும், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் கதிரேசனும், பொற்கொடியும் அந்த அறையில் உட்கார்ந்து போக்கர் என்னும் சீட்டாட்டம் பார்ப்பார்கள். ஆடுவதில்லை, பார்ப்பதோடு சரி. வெளிநாட்டுப் பெரிய போட்டி ஒன்றின் கடைசி மேஜை ஆட்டத்தை டிவியில் ஓடவிட்டு, யார் சரியாக ஆடினார்கள், யார் கோட்டை விட்டார்கள் என்று தொண்டை வறளப் பேசுவார்கள்.

இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது அவள் கணவன் சாமுவேல். பயணிகள் கப்பலில் பரிமாறும் வேலையில் இருந்தபோது கற்றுக்கொண்ட ஆட்டத்தை, ஊருக்குத் திரும்பியதும் முதலில் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான். புளியங்கொட்டைதான் பந்தயம். பிறகு தனபாலும் கதிரேசனும் சேர்ந்துகொண்டார்கள். சாமுவேல் இறந்துபோன பிறகும் பொற்கொடி வருவதை நிறுத்தவில்லை. புருஷன் இல்லாதவள் இரண்டு ஆண்களோடு உட்கார்ந்து சீட்டாட்டம் பார்க்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பினாள்.

அன்றைக்குப் பார்த்த ஆட்டத்தில் ஐந்து பேர் மிச்சமிருந்தார்கள். ஒருத்தி பிரேசில்காரி. அவளுக்கு எதிரே, பந்தய வில்லைகளான சிப்ஸை மலைபோல் குவித்துவைத்திருந்த தாடிக்காரன், சுற்றுக்குச் சுற்று எல்லாவற்றையும் நடுவில் தள்ளி மற்றவர்களை மிரட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் சீட்டைக் கீழே வைத்து ஒதுங்கினார்கள். ஒருமுறை அப்படித் தள்ளியபோது பிரேசில்காரியின் கையில் ஏஸும் ராஜாவும் இருந்தன. அவளைவிடக் குறைந்த சிப்ஸ் வைத்திருந்த இருவர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறக்கூடும். அவர்கள் போய்விட்டால், சும்மா உட்கார்ந்திருந்தாலே அவளுக்கு இரண்டு படி மேலான இடம் கிடைக்கும். அவளோ கொஞ்ச நேரம் தாடிக்காரனையே பார்த்துவிட்டு, இருந்ததையெல்லாம் முன்னால் தள்ளினாள்.

தாடிக்காரன் காட்டியது ஏஸும் ஒன்பதும். நாலு தரம் ஆடினால் மூன்று தரம் அவள் ஜெயிக்கும் ஆட்டம். மேஜையில் விரிக்கும் ஐந்து பொதுச் சீட்டில் நாலு வரைக்கும் அவள்தான் முன்னால் இருந்தாள். ஐந்தாவதாக ஒன்பது விழுந்து, தாடிக்காரனுக்கு ஜோடி சேர்ந்து அவன் ஜெயித்துவிட்டான். பிரேசில்காரி எழுந்து, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"போச்சு," என்றார் தனபால். "என்ன அவசரமுங்க அவளுக்கு? ரெண்டு பேரு சாகக் கெடக்கறானுங்க. சித்த சும்மா இருந்திருக்கோணும்."

"அவ ஆடுனது சரிங்கண்ணா," என்றாள் பொற்கொடி.

"தோத்துப்போட்டாளே."

"தோத்தது சீட்டால. அவன் எதையும் பாக்காம தள்ளிட்டிருந்தான். எல்லாரும் பயந்து ஒதுங்குவாங்கன்னு அவனுக்குத் தெரியும். ஏஸும் ராஜாவும் கையில வெச்சுட்டு ஒதுங்குனா, அப்புறம் எதை வெச்சுட்டு ஆடறதுங்க?"

"அதெல்லாம் பேச நல்லா இருக்குமுங்க. பொறுத்திருந்தா இன்னிக்கு அவ அந்த மேசையில உக்காந்திருப்பா."

பொற்கொடியின் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை.

பொறுத்திருந்தா. இரண்டு வருஷமாக அவள் கேட்டுவரும் சொல் அது. சாமுவேலுக்கு இதயத்தில் வால்வு கசிந்துகொண்டிருந்தது. மாத்திரையிலேயே கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், ஆபத்து இல்லாமலும் இல்லை என்றார். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டையும் பலவாறு போட்டுப் பார்த்துத்தான் ஆபரேஷன் என்று முடிவுசெய்தார்கள். சாமுவேல் கண் திறக்கவே இல்லை. அதிலிருந்து சாமுவேலின் அண்ணன் ஜெரோம், ஒவ்வொரு நினைவு ஜெபத்தின் போதும் பந்தியில் சொல்வார்: "பொறுத்திருந்தா இன்னிக்கு எந்தம்பி இங்க உக்காந்து சாப்பிட்டிருப்பான்." பொற்கொடி இலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாள்.

"அண்ணா," என்றாள் இப்போது. குரல் உயரவில்லை. "ஆபரேஷனுக்குச் சம்மதிச்சது நாங்க பண்ணுன தப்புன்னு நினைக்கறீங்களா?"

தனபாலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, அம்மணி, நான் ஆட்டத்தைப் பத்தித்தானுங்க சொன்னேன்."

"நானும் அதைத்தான் கேக்கறேன். நல்ல கையின்னு பாத்து எறங்குனோம். போயிருச்சு. போனதுனால கையி கெட்ட கையாயிருமுங்களா?"

கதிரேசன் டிவியை நிறுத்தினான்.

"இல்லைங்க," என்றார் தனபால் மெல்ல. "நீங்க சொல்றதுதான் சரி. அந்தப் பொண்ணு ஆடுனதும் சரிதான்."

"அது வேண்டாங்கண்ணா. எம்மேல எரக்கப்பட்டு ஒத்துக்க வேண்டாம். அவ ஆடுனது தப்புன்னு தோணுனா தப்புன்னே சொல்லுங்க. நான் பதில் சொல்லிக்கறேன். எழவு ஊட்டுல பேசறாப்பல எங்கிட்டப் பேசாதீங்க."

தனபால் கதிரேசனைப் பார்த்தார். கதிரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கணக்குப் போட்டா ரெண்டு பேருக்கும் கொஞ்சங் கொஞ்சம் நியாயம் இருக்குங்கக்கா," என்று ஆரம்பித்தான். அவனை முடிக்கவிடாமல் தனபால் குறுக்கே விழுந்தார். அவள் அவரை மடக்கினாள். டீ ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. தனபால் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பொற்கொடிக்கு வெகுநாளைக்குப் பிறகு மூச்சு தாராளமாக வந்தது.

அந்த மாதக் கடைசியில் கருமத்தம்பட்டியில் ஜெரோம் வீட்டில் நினைவு ஜெபம். ஜெபம் முடிந்து பந்தி உட்கார்ந்தது. ரசம் ஊற்றும்போது, எதிர்பார்த்தபடியே ஜெரோம் பெருமூச்சு விட்டார். "பொறுத்திருந்தா..."

"பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுங்க மாமா," என்றாள் பொற்கொடி. "மூச்சு முட்டி நிக்கறப்ப பக்கத்துல இருந்தது நானு. பயந்துட்டே படுத்துக் கெடக்க மாட்டேன்னு சொன்னது அவரு. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. இன்னொருக்கா கேட்டாலும் அதையேதான் சொல்லுவோம். இனிமே எம்முன்னால அதைத் தப்புன்னு பேசாதீங்க."

பந்தியில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பதில் பேசாதவள் இப்படிப் பேசியதில் ஜெரோமுக்குக் கோபம் வந்தது. அது முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தம்பி இல்லாமப் போச்சே, அம்மணி," என்றார்.

"எனக்கும்தான் அவரு இல்ல."

அவள் சொன்னதை ஜெரோம் ஏற்றுக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த நினைவு ஜெபத்திலும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பொற்கொடி அன்றைக்கு மோரும் ஊற்றிச் சாப்பிட்டு முடித்து, இலையை அவளே எடுத்துப்போட்டுக் கைகழுவிவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு துடியலூருக்கு வண்டியைக் கிளப்பினாள்.