சின்ன வீட்டின் எடை

எங்கள் பட்டறையில் அவருக்கு நண்டு என்று பெயர். கிடங்குகளில் சாமான் சுமக்கும் ரோபோ வண்டிகளுக்கு ஓட்டம் பழக்குகிறவர். அந்த வண்டிச் சக்கரத்தைச் சுற்றிச் சாய்வாகக் குட்டி உருளைகள் இருக்கும். நாலு சக்கரமும் தரையைச் சரியாக அழுத்தினால் வண்டி திரும்பாமலே பக்கவாட்டில் போகும். ஒன்று லேசாகத் தூக்கிவிட்டாலும் போச்சு, சுழன்றுவிடும்.

அவர் மனைவி எங்களுக்கெல்லாம் அண்ணி. அண்ணிக்கு நடை நின்றுபோனதும் அதே சக்கரங்களில் ஒரு நாற்காலி செய்தார். அவர்கள் சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அண்ணியை வைத்துச் சோதிக்க மனசு வராமல், அண்ணியின் எடைக்கு ஐம்பத்துநாலு கிலோ மணலை மூட்டை கட்டி, அவருடைய பழைய ஸ்வெட்டரையும் மாட்டிவிட்டார். நான்தான் அதற்குச் சின்ன வீடு என்று பெயர் வைத்தேன். அண்ணியே விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்று மாதம் நாற்காலி அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே சமர்த்தாகப் போய்வந்தது. அப்புறம் சுழல ஆரம்பித்தது. அண்ணியின் முழங்கால் அலமாரியில் இடித்துக் கன்றிப்போனது. நண்டு மோட்டாரை மாற்றினார், சக்கரங்களை மாற்றினார், என்மேல் எரிந்து விழுந்தார். மனுஷன் பாதியாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உதவிக்குப் போனேன். மூட்டையை வைத்தார். நூல் பிடித்த மாதிரி போனது. அண்ணியை உட்கார வைத்தார். சுழன்றது. மறுபடி மூட்டை, மறுபடி அண்ணி. ஆறாவது தடவை அவர் கை ரிமோட்டிலேயே நின்றுவிட்டது.

"மருந்து கேக்குதுன்னு சொன்னியே," என்றார் அண்ணியிடம்.

"உங்ககிட்ட வேற என்னத்தச் சொல்றது? நாற்காலி மேல தப்பில்லைங்க," என்றார் அண்ணி.

பட்டறைத் தராசைக் கொண்டுவந்து அண்ணியை அதில் உட்கார வைத்தோம். நாற்பத்தொன்று. ஐம்பத்துநாலுக்குப் பழக்கிய சக்கரங்கள் அந்த எடைக்குத் தரையைச் சரியாக அழுத்தவில்லை. தினமும் தூக்கி உட்கார வைக்கிற கைக்குத் தெரியவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறைந்திருக்கிறது.

அவர் மூட்டையைத் தராசில் ஏற்றி, தரையில் உட்கார்ந்து அதன் வாயை அவிழ்த்தார். குவளை குவளையாக மணலை அள்ளி வாளியில் போட்டார். தராசு முள் நாற்பத்தொன்றுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் எடுத்துடுங்க," என்றார் அண்ணி. "அடிக்கடி அவுக்க வேணாம்."

அவர் குனிந்தபடியே வாளியிலிருந்து ஒரு குவளை மணலை அள்ளி, திரும்ப மூட்டைக்குள் போட்டுக் கட்டினார். கணக்குப்படி அது தப்பு.