அழுக்கு நின்ற பக்கம்

இன்று மதியம் பழைய புத்தகக் கடைக்குப் போனேன்.

இருபது வருடமாகக் கணினியில் கோடு இழுத்து வீட்டு பிளான் வரைகிறவன் நான். காலையில் எங்கள் இன்ஜினியர், "அடுத்த மாசத்துல இருந்து எல்லா பிளானும் ரெவிட் சாஃப்ட்வேர்லதான். தெரியாதவங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கடையில் அந்த மென்பொருளுக்கான பாடப் புத்தகங்கள் மூன்று இருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் பொருளடக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"அத விடுங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். "பக்கத்தோட ஓரத்தப் பாருங்க. அழுக்கு எங்கன நிக்குதோ, வாங்குனவன் அங்கனயே நின்னுட்டான். ரொம்ப தூரம் அழுக்கா இருக்கதுதான் நல்ல புத்தகம்."

பார்த்தேன். சுவர், கதவு, ஜன்னல் வரைக்கும் மூன்றிலும் நல்ல அழுக்கு. மாடிப்படி பாடம் வந்ததும் மூன்றுமே வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. ஒன்றில் மட்டும் பென்சிலால் "நாளைக்குப் பாக்கணும்" என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

"பென்சில்ல இத எழுதுனவரு இப்ப எங்கன இருக்காரு?" என்று கேட்டேன்.

"உப்பளத்துல சூப்பர்வைசர். போன வாரம் அவருதான் கொண்டாந்து போட்டாரு."

அதையே வாங்கினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாடிப்படி பாடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

தூத்துக்குடியில் மாடியே இல்லாமல் வீடு கட்டப்போகிறவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும் வரைக்கும் எனக்கு வேலை இருக்கும்.