மளிகைக் கடை வாசலில் நின்ற ஊர்வலம்

போன வாரம் செஞ்சி பேருந்து நிலையத்தில், 'அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேருங்கள்' என்று ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. பின்னாலேயே பொரி வண்டி. இரண்டும் சேர்ந்தால் எனக்கு ஒரு விஜயதசமி ஞாபகம் வந்துவிடும். நாள் குறிக்காமல் எதையும் எழுதமாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது நடந்த ஆண்டைத்தான் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்கு முன்பு, நான் நான்காம் வகுப்பு.

கோட்டைக்குப் போகும் வழியில் இரண்டே அறைகள், எங்கள் பள்ளி. முதலில் கடைவீதிப் பிள்ளைகள் மட்டும்தான் படித்தார்கள். மதிய உணவு வந்தபின் தலைமையாசிரியர் எங்கள் சேரிக்கு (காலனி என்ற பெயர் பிறகு வந்தது) நடந்தே வந்து, வீடு வீடாகப் பேசி எங்களைச் சேர்த்தார். சேர்த்ததோடு விடவில்லை, கடைவீதிப் பையன்களின் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அவரைச் சாமி என்றே நம்பினேன்.

அப்படி எனக்குப் பக்கத்தில் வாய்த்தவன் மளிகைக் கடை கோபால். அவன் சட்டையில் எப்போதும் பெருங்காய வாசனை. என்மேல் என்ன வாசனை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

விஜயதசமியன்று பள்ளியே ஊர்வலமாகக் கடைவீதிக்குப் போகும். புதிதாகச் சேரும் குழந்தையை அதன் வீட்டு வாசலிலிருந்து பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவர் கைப்பிடித்து அழைத்து வருவது வழக்கம். அழைக்க வரும் பிள்ளைக்கு அந்த வீட்டில் பொரி கொடுப்பார்கள். எங்கள் சேரிப் பிள்ளை யாருக்கும் அதுவரை அது வாய்த்ததில்லை.

"எங்க பாப்பாவ நீதான் கைப்புடிச்சி இட்டாரணும், இன்னா?" என்றான் கோபால்.

"உங்க நைனா உட்டுடுவாரா?"

"நான் சொன்னா உட்டுடுவாரு. பொரில மட்டும் எனக்குப் பாதி!"

விஜயதசமி காலை அம்மா என் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

கடை வாசலில் பாப்பா பட்டுப்பாவாடையில் நின்றாள். கையை நீட்டினேன். கோபாலின் அப்பா அதில் ஒரு பிடி பொரியை வைத்தார்.

"பாப்பா அங்க வரலடா. கோபாலும் இனிமே வரமாட்டான். ரெண்டு பேரையும் புது கான்வென்ட்ல போட்டாச்சு."

கோபால் மூட்டைகளுக்கு அப்பால் நின்று பொரி மென்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அப்போது என் தோளில் தலைமையாசிரியரின் கை இருந்தது. அந்த ஒரு தைரியத்தில்தான் அழாமல் நின்றேன்.

"எல்லாரும் இப்படிப் போனா நான் யாரை வெச்சுப் பள்ளிக்கூடம் நடத்தறது, மொதலாளி?" என்றார் அவர்.

கோபாலின் அப்பா சிரித்தார். "அதான் இவங்க இருக்காங்களே! உங்க பையன மொதல் ஆளா அந்த கான்வென்ட்ல சேத்துட்டு, என்னை இன்னா சார் கேக்கறீங்க?"

தோளிலிருந்த கை விலகியது.

திரும்பும்போது, "நெசமா சார்?" என்று கேட்டேன்.

"நடடா, வெயில் ஏறுது."

அதன் பிறகும் எங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். மழையிலும் தவறாமல் வந்தார். இன்று நான் நாலு வரி எழுதுவதும் அவரால்தான். அதனாலேயே கோபாலை மன்னித்த மாதிரி அவரை மன்னிக்க முடியவில்லை.

கடைவீதிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கான்வென்டுக்குப் போனார்கள். எங்களுடையது ஊர்க்காரர்கள் வாயில் சேரிப் பள்ளிக்கூடம் ஆயிற்று. ஊர்வலம் கடைவீதிக்குப் போவது நின்றது. பிறகு ஊர்வலமே நின்றது. கடைவீதியிலிருந்து எங்கள் பள்ளிக்குக் கைப்பிடித்து வந்த கடைசிக் குழந்தை யார் என்று பலரிடம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை.