சுறா எண்ணெய் பூசிய நாற்காலி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் அதிகம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபத்து நாலு, எழுபத்தைந்து வாக்கில் நடந்தது. என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து எங்கள் மகளுக்குச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொண்டுவந்தார். செக்கச் செவேலென்று இருக்கும். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்போது அப்படி ஒன்று கிடையாது. மகள் அதை முற்றத்தில் போட்டு உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பாள்.

அவர் மறுபடி கப்பலேறிப் போன மூன்றாம் மாதம், காய்ச்சலில் அவள் போய்விட்டாள். எங்கள் கடிதம் அவர் கைக்குக் கிடைக்க நாளாயிற்று. பதில் எழுதினார். அதில் கடைசி வரி, 'நாற்காலியைப் பத்திரமாக வை' என்பது.

நான் வைக்கவில்லை. அது முற்றத்திலேயே கிடந்தது. சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், மாதா கோயிலுக்குப் போனேன். அதை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. ஒரு வருஷத்து வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வெளுத்துவிட்டது. தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

அவர் வருகிறார் என்று தந்தி வந்த பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். பிள்ளையையும் காப்பாற்றவில்லை, நாற்காலியையும் வெயிலில் போட்டுவிட்டாள் என்று நினைப்பாரே. அந்தப் பயம் ஒன்றுதான் எனக்குள் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

புளி போட்டுத் தேய்த்தேன். சவுக்காரம் போட்டேன். தேங்காய் எண்ணெய் தடவினால் காலையில் சிவந்தது, சாயங்காலம் வெளுத்தது. எங்கள் அப்பா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார். வெளுத்த பலகை புதுசு மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் ஒரு டப்பா வாங்கி, நாற்காலிக்கும் இரண்டு பூச்சு பூசி வெயிலில் வைத்தேன். நிறம் வந்தது. நாற்றமும் வந்தது.

மதினி, அதாவது அவருடைய அக்கா, வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏளா, இது நாற்காலியா வள்ளமா? எந்தக் கடல்ல இறக்கப் போற?"

"கலரு வந்துட்டுல்லா மதினி."

"வந்திருக்கு, வந்திருக்கு. தெருப் பூனை பூராவும் வந்திருக்கு."

மறுநாள் அவர் வந்தார். பெட்டியை வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போய்க் குத்தவைத்தார். நாற்காலியைத் தொட்டார். கை பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"சுறா எண்ணெயா?"

"ஆமா."

"அவ இருந்தா இதுல உக்காந்திருப்பாளா?"

"மாட்டா."

அவ்வளவுதான் பேசினோம். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். அவர் தேங்காய் நாரால் தேய்த்தார். பிசுக்குப் போனது. சிவப்பும் போனது. காய வைக்கக் கவிழ்த்தபோது, வெயில் படாத அடிப்பக்கம் கொண்டுவந்த அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது.

"இங்கன அப்படியே இருக்கு" என்றார்.

நான் பார்த்தேன். அழுகை வரவில்லை. அவருக்கும் வரவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி வீட்டுக்குள் ஒரு மூலையில் கவிழ்ந்தபடியே இருந்தது. யாரும் நிமிர்த்தவில்லை.

மகள் போனபோது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்ததா, முடிய இருந்ததா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ள மதினியும் இல்லை, அவரும் இல்லை. ஞானஸ்நானமும் அடக்கமும் கோயில் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். யாராவது அதைப் பார்த்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.