அக்கா அனுப்பிய காளானும் நான் சொன்ன பொய்யும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறுகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். “நீதான் கடைசி வரைக்கும் அவகூட இருந்தவன், நீயே எழுது” என்று அக்காவின் கணவரான மாமா சொன்னபோது, எனக்குத் தகுதியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாரே என அஞ்சி ஒப்புக்கொண்டேன். அந்தக் காரணத்தை இப்போது எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

அக்கா கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள அரவேணுவில் பிறந்தவர். காரமடைப் பக்கமிருந்து மலையேறி வந்த எங்கள் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். எனக்கும் அக்காவுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா படுக்கையில் கிடந்த ஆண்டுகளில் என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். படித்து முடித்ததும் தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கேயே வேலை பார்த்த மாமாவை மணந்தார். தேயிலை விலை விழுந்து தொழிற்சாலை மூடப்பட்டபோது இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. மாமா ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அக்கா ஊட்டிக்குப் போய்க் காளான் வளர்ப்புப் பயிற்சியில் சேர்ந்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் ஆரம்பித்தது, நான்கே ஆண்டுகளில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்யும் கொட்டகையாக வளர்ந்தது. மொட்டுக் காளான் மிகவும் நாசூக்கான பொருள். விரல் அழுத்திய இடம் மறுநாள் பழுப்பாகிவிடும். அதனால் அக்கா எல்லோரையும் நகம் வெட்டிக்கொண்டு வரச் சொல்வார், தாமும் வளையல் அணியாமல்தான் பறிப்பார். பறித்த காளானைக் குளிர் அறையில் இரண்டு டிகிரிக்குக் கொண்டுவந்து, டப்பாக்களில் அடைத்து, பனிக்கட்டிப் பைகளுடன் தெர்மாகோல் பெட்டிகளில் வைத்துக் கட்டுவோம். குளிரூட்டிய வேனில் அவற்றை மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை விமான நிலையத்துக்கு நான் கொண்டுபோவேன். தாவர நலச் சான்றும் சுங்கச் சோதனையும் முடிந்து பெட்டிகள் விமானம் ஏறும். இன்று அரவேணுவில் பறித்தது நாளை ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையின் அலமாரியில் இருக்கும். இடையில் எங்கேயும் குளிர் அறுபடக்கூடாது, அவ்வளவுதான் இந்தத் தொழிலின் ரகசியம்.

“ஒரு நாளைக்கு அந்தக் கடைக்குப் போயி நம்ம டப்பாவ என்ற கண்ணால பாக்கோணும் கண்ணு” என்று அக்கா என்னிடம் சொல்வார். அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்.

ஒரு சித்திரை மாதத்தில் அறுபது பெட்டிகளுடன் மலையிறங்கினேன். அன்று கிரிக்கெட் ஆட்டம். மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வேனை நிறுத்தினேன். எங்கள் வேனில் இன்ஜின் ஓடினால்தான் குளிர் இயந்திரமும் ஓடும்.

“வண்டிய ஆஃப் பண்ணுங்க தம்பி, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது” என்றார் கடைக்காரர்.

நிறுத்தினேன். உச்சி வெயிலில் வேன் நின்றது. ஒரு ஓவர், இன்னொரு ஓவர் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டில் இருக்க வேண்டிய வெப்பமானி முள் பதினெட்டில் நின்றது. உடனே இன்ஜினை ஓடவிட்டுக் கிளம்பினேன். விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் முள் நான்குக்கு இறங்கிவிட்டது. எங்கள் சரக்கை ஏற்றி அனுப்பும் ஏஜெண்ட் முள்ளை எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நானும் எதுவும் சொல்லவில்லை. அன்று அங்கேயே சொல்லியிருந்தால் பெட்டிகள் விமானம் ஏறியிருக்காது, அன்றைய சரக்கோடு நஷ்டம் முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஷார்ஜாவிலிருந்து படங்கள் வந்தன. கோத்தகிரி இணைய மையத்தில் நானும் அக்காவும் அவற்றைப் பார்த்தோம். குடைகள் விரிந்து, பழுப்பேறி, டப்பாவுக்குள் தண்ணீர் விட்டுக் கிடந்தன. அறுபது பெட்டிகளையும் அழித்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். ஏஜெண்ட் தொலைபேசியில், “ஏனுங்க, எங்க சூடு புடிச்சுதுன்னு அவங்க கேக்கறாங்க. பதில் சொல்லோணுமுங்க” என்றார்.

அக்கா கொட்டகையில் எல்லோரையும் கூட்டினார். முதலில் என்னிடம்தான் கேட்டார்.

“வழியில எங்காச்சும் நின்னியா கண்ணு?”

“இல்லக்கா. ஒண்ணுக்குப் போகக்கூட நிக்கல.”

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பொய்க்குக் கனம் சேர்ப்பதற்காக நானாகச் சொன்னது.

அடுத்து அக்கா ராசம்மாவைப் பார்த்தார். குளிர் அறையின் கதவு அவர் பொறுப்பு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த அவரைப்போல் கவனமானவர் அந்தக் கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

“ரெண்டு தரம் இழுத்துப் பாத்தேங்கம்மா” என்றார் ராசம்மா. குளிர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “பெட்டி எடுக்க உள்ள போனேன். அப்ப சரியா சாத்தலையோ என்னமோ... தெரியலையேம்மா” என்று அழத் தொடங்கினார். செய்யாத தவறைச் செய்ததாக ஒருவர் நம்பத் தொடங்குவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். எனக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதி. எழுதவே கூசுகிறது.

அக்கா யாரையும் திட்டவில்லை. “எங்கள் குளிர் அறையில் பிழை நேர்ந்தது, பொறுப்பு என்னுடையது” என்று ஷார்ஜாவுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் அதன்பின் காளான் கேட்கவில்லை. ஏஜெண்டாலும் வேறு வாங்குபவர் யாரையும் பிடித்துத் தர முடியவில்லை. கோவைச் சந்தைக்கு அனுப்பும் அளவோடு தொழில் சுருங்கியது. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள்.

ராசம்மாவை அக்கா போகச் சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு, பாதி வழி போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஒரு நாள் சொல்லிக்கொண்டு, தேவர்சோலையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நம் வீடுகளில் யாராவது எதையாவது மறந்தால் “ராசம்மா கதவு” என்று சொல்லிச் சிரிப்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். என் கல்யாணப் பந்தியில்கூட யாரோ சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அக்காவின் சிறுநீரகம் செயலிழந்த பின் வாரம் இருமுறை அவரைக் கோவைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். அதே சாலை, அதே டீக்கடை. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒரு நாள் அந்தக் கடை வந்ததும் அக்கா, “இங்க ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போலாமா கண்ணு? நாக்கு வறண்டு போச்சு” என்றார். அவருக்கு அளந்துதான் தண்ணீர், ஒரு வாய் டீக்கு அனுமதி இருந்தது. எனக்கு அங்கே நிறுத்தத் தைரியமில்லை. “அடுத்த கடைல நல்லாருக்கும்க்கா” என்றேன். அடுத்த கடை வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டார். அடுத்த மாதமே, ஒரு காலை நேரத்தில், மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. கடைசி வரை நான் சொல்லவில்லை.

காரியம் முடிந்தபின் தேவர்சோலைக்குப் போனேன். ராசம்மாவுக்கு அக்கா மறைந்த செய்தியே தெரியாது. முதலில் அதைச் சொன்னேன், பிறகு மற்றதையும்.

“அப்ப நான் கதவச் சாத்தித்தான் இருந்தேனா?”

“சாத்தித்தாங்க இருந்தீங்க.”

இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன்.

“அம்மா உயிரோட இருக்கயில சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். பிறகு எழுந்து நின்றார். “வீடு தேடி வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுக்காம அனுப்புனதில்ல. இன்னைக்கு எனக்கு மனசு வரல. போயிட்டு வாங்க.”

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ இருக்கும்போது சொல்லியிருந்தா உன்னய ரெண்டு அறை விட்டிருப்பா. அதோட மறந்திருப்பா. அவளுக்கு அந்தச் சந்தர்ப்பத்தக்கூட நீ குடுக்கல” என்றார். பிறகு, “ஒரு எழுத்தும் மாத்தாம அச்சுக்குக் குடு” என்றார்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரத்தம் கொடுத்த அரவேணு இளைஞர்களுக்கும், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், இறுதி நாளில் கடைகளை அடைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், மாமாவுக்கு இன்றுவரை சோறு கொண்டுவந்து தரும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் கொட்டகையில் உழைத்த பன்னிரண்டு பெண்களுக்கும் நன்றி சொல்ல எனக்கு வாயில்லை, அதை மாமா நேரில் சொல்வார்.

இம்மலரின் ஒரு பிரதியைத் தேவர்சோலைக்கு நானே கொண்டுபோகிறேன். ராசம்மா வாங்காமலும் போகலாம். உறவினர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி நம் வீடுகளில் யாராவது அசட்டையாக இருந்தால் ராசம்மாவின் பெயரைச் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லுங்கள்.